கிருமி, உடல், அரசு: ‘தி ஆண்ட்ரோமெடா ஸ்ட்ரெய்ன்’ படத்தை முன்வைத்து

1

ராபர்ட் வைஸ் இயக்கி 1971இல் வெளியான ‘தி ஆண்ட்ரோமெடா ஸ்ட்ரெய்ன்’ பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. அறிவியல் இயக்கங்களில் வேலை செய்கிற நண்பர்கள் இதை ஹாலிவுட் எடுத்த உருப்படியான அறிவியல் படம் என்கிறார்கள். ராட்சசப் பூச்சி இல்லை, காதல் இல்லை, துப்பாக்கிச் சண்டை இல்லை. நாலு பேர் உட்கார்ந்து ஒரு கிருமியை ஆராய்கிறார்கள், அதைப் பொறுமையாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அரசியல் நண்பர்களோ உதட்டைப் பிதுக்குகிறார்கள். ‘இதுவும் பென்டகனுக்கு அடிக்கிற ஜால்ராதான். என்ன, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டு அடிக்குது’ என்றார் ஒருவர்.

இரண்டு தரப்பும் ஆளுக்குப் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கொலைகாரக் கிருமியை விஞ்ஞானிகள் எப்படி அடைத்துவைத்தார்கள் என்பதைச் சொல்லும் கதை என்று இந்தப் படம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் படத்தில் கிருமியை எவராலும் அடைத்துவைக்க முடியவில்லை. கடைசிவரை பத்திரமாக அடைபட்டுக் கிடப்பது ஒரு செய்தி மட்டும்தான்: கிருமியை யார், எதற்காகத் தேடிப் போனார்கள் என்கிற செய்தி. படம் இதைப் பாதி வழியில் உளறிவிடுகிறது. உளறியதற்காக வெட்கப்பட்டதுபோல் பிறகு விழுங்கவும் பார்க்கிறது. இந்த இழுபறிதான் இக்கட்டுரையின் விஷயம்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் பீட்மாண்ட் என்று ஒரு சின்ன ஊர். ‘ஸ்கூப்’ என்கிற ராணுவச் செயற்கைக்கோள் ஒன்று அங்கே வந்து விழுகிறது. ஊர் டாக்டர் அதைத் திறந்துபார்க்கிறார். ஒரே இரவில் ஊரே செத்துப்போகிறது. நின்ற இடத்தில், உட்கார்ந்த இடத்தில். உடம்பிலுள்ள ரத்தம் பொடியாக உறைந்திருக்கிறது. பிழைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜாக்ஸன் என்கிற குடிகாரக் கிழவர், இன்னொன்று அழுதுகொண்டிருக்கும் கைக்குழந்தை. நெவாடாவில், வேளாண்மைத் துறை நிலையம் என்று வெளியே சொல்லப்படும் ஒரு கட்டடத்துக்கு அடியில், ஐந்து தளங்களாகப் பூமிக்குள் இறங்கும் ‘வைல்ட்ஃபயர்’ ஆய்வகத்துக்கு இந்த இருவரும் செயற்கைக்கோளும் கொண்டுபோகப்படுகின்றன. ஸ்டோன், டட்டன், ஹால் என்று மூன்று ஆண்களும் ரூத் லெவிட் என்கிற பெண்ணும் ஆய்வாளர்கள். கிருமி வெளியேறினால் ஆய்வகத்தையே அழிக்க அணுகுண்டு ஒன்று கீழே தயாராக இருக்கிறது. நான்கு நாள் கதை.

மைக்கேல் கிரைட்டன் எழுதி 1969இல் வந்த நாவல்தான் படத்தின் மூலம். நாவலை எழுதியபோது அவர் ஹார்வர்டில் மருத்துவ மாணவர். ஒரு கோப்பைப் புரட்டுவதுபோலவே நாவலை அமைத்திருந்தார்: அறிக்கைகள், கணிப்பொறித் தாள்கள், இல்லாத ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். படமும் இந்தத் தந்திரத்தை எடுத்துக்கொள்கிறது. நடந்ததைத்தான் காட்டுகிறோம் என்றும், இதில் வரும் ஆவணங்களால் நாட்டின் பாதுகாப்புக்குப் பங்கம் இல்லை என்றும் ஓர் அறிவிப்போடு தொடங்குகிறது. கற்பனைக்கே பாதுகாப்புத் துறையின் முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். விளையாட்டுதான். ஆனால் அரசாங்க முத்திரை இருந்தால்தான் நம்புவோம் என்று நம்மைப் பழக்கியிருக்கிற காலத்தின் விளையாட்டு.

2

வைஸ் இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1951இல், ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ எடுத்தவர். அதில் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து இறங்குபவன் மனித முகத்தோடு, மனிதர்களை எச்சரிக்க வருகிறான். ராணுவம் அவனைச் சுடுகிறது. விஞ்ஞானி அவன் பேச்சைக் கேட்கிறார். அதே 1951இல் வந்த ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ படத்தில் இதற்கு நேரெதிர்: வந்தது ரத்தம் குடிக்கும் பிராணி, அதனோடு பேசப்போகும் விஞ்ஞானி அசடு, சுட்டும் எரித்தும் காப்பாற்றுகிற சிப்பாய்கள் வீரர்கள். பனிப்போர்க் காலத்து அமெரிக்க மனம் இந்த இரண்டு படங்களுக்கு நடுவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. கம்யூனிசத்தைச் சுற்றி வளைத்து அடைத்துவைப்பது என்பது 1947இலிருந்து அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் பெயராகவே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1971க்கு வரும்போது இந்த ஆட்டமே முடிந்துபோகிறது. வந்திருப்பதற்கு முகமில்லை. அது ஒரு படிகம். அதற்குக் கோபமும் இல்லை, தூதும் இல்லை. விஞ்ஞானிக்கும் சிப்பாய்க்கும் இடையே சண்டையும் இல்லை. ஏனென்றால் விஞ்ஞானி சிப்பாயின் சம்பளத்தில் இருக்கிறார். நள்ளிரவில் ராணுவ வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, விருந்தை விட்டுவிட்டு ஸ்டோன் ஏறிப் போகிறார். கைதா, அழைப்பா என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை. அவருக்கும் அந்த வித்தியாசம் முக்கியமாக இருப்பதாகத் தெரியவில்லை.

ஆய்வகத்துக்குள் இறங்கும் காட்சிகள்தான் படத்தின் நீளமான பகுதி. பலரும் இங்கேதான் கொட்டாவி விடுகிறார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நிறம். ஒவ்வொன்றிலும் உடலைக் கழுவுகிறார்கள், துணியை எரிக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், கடைசியில் ஒளியைப் பாய்ச்சித் தோலின் மேல்படலத்தையே பொசுக்குகிறார்கள். ஐந்தாம் தளத்துக்கு வந்து சேரும்போது பெயரும் பட்டமும் உள்ள நான்கு பேரும் காகிதத் துணி உடுத்திய நான்கு உடல்களாகிவிடுகிறார்கள்.

‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில் (1975) ஃபூக்கோ இரண்டு வகையான அதிகாரங்களைப் பிரித்துக் காட்டியது நம்மில் பலருக்கும் பரிச்சயம். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே துரத்துவது ஒன்று. கொள்ளைநோய் வந்த ஊரைத் தெருத்தெருவாக, வீடுவீடாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் சன்னலுக்கு வரச்சொல்லிப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது இன்னொன்று. முன்னதில் விலக்குதல், பின்னதில் பகுத்தல். படத்தில் இரண்டும் இருக்கின்றன. பீட்மாண்டுக்கு முதலாவது: அந்த ஊரை அணுகுண்டு போட்டு வரைபடத்திலிருந்தே துடைத்துவிட ஸ்டோன் கேட்கிறார். ஆய்வகத்துக்கு இரண்டாவது. வேடிக்கை என்னவென்றால், பகுக்கப்பட்டுக் கணக்கெடுக்கப்படுகிறவர்கள் இங்கே நோயாளிகள் இல்லை, விஞ்ஞானிகள். கண்காணிக்கிறவர்களே கூண்டுக்குள் இறங்குகிறார்கள், அதுவும் பெருமையோடு.

இதைப் படம் வசனத்தில் சொல்லவில்லை, சட்டகத்தில் சொல்கிறது. வைஸ் அடிப்படையில் படத்தொகுப்பாளர். 1941இல் ‘சிட்டிசன் கேன்’ படத்தைத் தொகுத்தவர். பீட்மாண்டில் ஸ்டோனும் ஹாலும் வீடுவீடாகப் போகும் காட்சியில் திரை சின்னச்சின்னப் பெட்டிகளாகப் பிளக்கிறது. ஒரு பெட்டியில் சன்னல் வழியே பார்க்கும் முகமூடி, பக்கத்துப் பெட்டியில் அவர் பார்க்கும் பிணம். பார்க்கிறவனும் பார்க்கப்படுவதும் ஒரே வெளியில் இல்லை. வேறு பல காட்சிகளில், கிட்டத்தில் இருக்கும் முகமும் தொலைவில் இருக்கும் பொருளும் ஒரே கூர்மையில் தெரியும்படி பிளவுக் கண்ணாடி வில்லையைப் பயன்படுத்துகிறார்கள். எதுவும் மங்கக் கூடாது, எதுவும் கண்ணுக்குத் தப்பக் கூடாது என்கிற ஆசை கொண்ட பார்வை இது. கில் மெல்லேயின் இசையும் முழுக்க மின்னணு ஒலிதான். இங்கே அழு, இங்கே பயப்படு என்று நம்மை ஏவுகிற வயலின்கள் இல்லை. எந்திரம் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கிறது.

இத்தனை பார்வையும் கடைசியில் எங்கே கோட்டை விடுகிறது? அங்கேதான் படம் சுவாரசியமாகிறது.

3

ஏன் அந்த இருவர் மட்டும் பிழைத்தார்கள் என்பதுதான் கதையின் புதிர். எழுபது எண்பது வயதிருக்கும் ஒரு கிழவருக்கும் ஒரு பச்சைக் குழந்தைக்கும் பொதுவாக என்ன இருக்க முடியும்? விஞ்ஞானிகள் மூளையைக் கசக்குகிறார்கள். விடை எளியது. ஜாக்ஸனுக்குக் குடல் புண். வலிக்கு ஆஸ்பிரினை அள்ளி விழுங்குகிறவர். சாராயத்துக்கு வழியில்லாமல் அடுப்பெரிக்கும் ஸ்பிரிட்டைக் குடிக்கிறவர். அதனால் அவர் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கிறது. குழந்தை விடாமல் அழுதிருக்கிறது. மூச்சு வேகமாகி அதன் ரத்தத்தில் காரத்தன்மை கூடியிருக்கிறது. கிருமியோ அமில-கார அளவில் ஓர் ஒடுக்கமான எல்லைக்குள்தான் வளர முடியும். ஆரோக்கியமான மனித ரத்தத்தின் எல்லை அது.

அதாவது, எவருடைய உடல் இயல்பாக இருந்ததோ அவர் செத்தார். எவருடைய உடல் பிறழ்ந்திருந்ததோ அவர் பிழைத்தார்.

இயல்பு / பிறழ்வு என்கிற எதிர்வை வைத்து நடத்தப்பட்டிருக்கும் வன்முறைகளைப் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு வணிகப் படம் தன் கதை முடிச்சிலேயே அந்த எதிர்வைத் தலைகீழாக்கிவிட்டு, தான் செய்தது என்னவென்றே தெரியாமல் நிற்கிறது. ஜாக்ஸனை ஒரு தகவலாக மட்டும்தான் விஞ்ஞானிகள் நடத்துகிறார்கள். சுவரோடு பொருத்திய உறைக்குள் புகுந்து ஹால் அவரைத் தொடுகிறார். தொடுவது கையல்ல, ரப்பர். அவரிடமும் குழந்தையிடமும் மனிதர்களிடம் பேசுவதுபோல் அதிகம் பேசுகிறவர் கேரன் ஆன்சன் என்கிற கறுப்பின உதவியாளர் (பாவ்லா கெல்லி நடித்திருக்கிறார்). ஆய்வுக் குழுவின் நாலு பேர் கணக்கில் அவர் வருவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது ரூத் லெவிட்டுக்கு வருவோம். நாவலில் இந்தப் பாத்திரம் ஆண். திரைக்கதை எழுதிய நெல்சன் கிடிங் அதைப் பெண்ணாக்கினார். கேட் ரீட் நடித்திருக்கும் லெவிட் நடுவயதுக்காரர், கண்ணாடி போட்டவர், வாய்த் துடுக்கு அதிகம், யாரையும் மயக்குவதற்காக அங்கே நிற்கவில்லை. அந்தக் காலத்து அறிவியல் படங்களில் பெண் விஞ்ஞானி என்றால் கடைசிக் காட்சியில் கதாநாயகன் தோளில் சாய்வதற்குத்தான் என்றிருந்த நிலையில் இது பெரிய விஷயம். ஆனால் லெவிட்டுக்கு வலிப்பு நோய். அதைச் சொன்னால் எந்த ஆய்வகமும் சேர்க்காது என்று மறைத்து வைத்திருக்கிறார். கிருமி எந்தச் சூழலில் வளரவில்லை என்கிற முடிவு திரையில் சிவப்பாக மின்னி மின்னி வரும்போது, அந்த மின்னலே அவரை நினைவிழந்த நிலைக்குத் தள்ளுகிறது. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. விடை அவர் முன்னால் வந்துவிட்டுப் போய்விடுகிறது.

இந்தக் காட்சியை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒரே ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டு, தவறை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள் என்று படிக்கலாம். அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. லெவிட்டின் நோய் தவறில்லை. அதை மறைக்க வேண்டியிருந்ததுதான் தவறு. குறையற்ற உடல் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று கதவில் எழுதி வைத்திருக்கிற நிறுவனம், தன் விதியின் பலனை அனுபவிக்கிறது. எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுப் பார்க்கிற கூடத்தில் பார்வையை அணைப்பது அந்த வெளிச்சம்தான். உள்ளே ஆராயப்படும் கிழவரையும் குழந்தையையும் காப்பாற்றியது பிறழ்வு என்றால், ஆராய்கிற பெண்ணின் பிறழ்வு ஏன் ரகசியமாக இருக்க வேண்டியிருந்தது? இந்தக் கேள்வியைப் படம் கேட்கவில்லை. கேட்பதற்கான எல்லாச் சரக்கையும் மேசைமேல் பரப்பிவைத்துவிட்டு நகர்ந்துபோகிறது.

ஒரு குரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருமி காற்றில் பரவுகிறதா என்று பார்க்கக் குரங்கை விடுகிறார்கள். அது துடித்து விழுகிறது. நடிப்பில்லை. கார்பன் டைஆக்சைடு நிரப்பிய அறைக்குள் நிஜமாகவே மூச்சுத் திணற விட்டு, மயங்கி விழுந்ததும் ஆக்சிஜன் கொடுத்து எழுப்பினார்கள். விலங்குநலக் கண்காணிப்போடுதான் நடந்தது என்கிறார்கள். ‘பாதுகாப்பான சோதனை’ என்கிற சொல்லைப் பற்றிய படத்துக்குள் அந்தச் சொல்லின் முழு அர்த்தமும் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

4

கிருமியை வென்றது யார்? யாருமில்லை. அது தானாகவே உருமாறி, ஆளைக் கொல்லாத ஒன்றாக ஆகிவிடுகிறது. ஆனால் புதிய உருவம் செயற்கை ரப்பரை, பிளாஸ்டிக்கைத் தின்கிறது. ஆய்வகத்தின் காற்றுப்புகா அடைப்புகள் எல்லாம் அந்தப் பொருளில் செய்யப்பட்டவை. அடைப்பு கரைகிறது, எச்சரிக்கை மணி அலறுகிறது, அணுகுண்டு ஐந்து நிமிடக் கணக்கை எண்ணத் தொடங்குகிறது.

இதற்கு முன்பே இன்னொரு மணி அடிக்காமல் போயிருக்கிறது. பீட்மாண்டின்மேல் குண்டு போடச்சொல்லி ஸ்டோன் கேட்டாரில்லையா? ஜனாதிபதி உடனே ஒப்புக்கொள்ளாமல் தள்ளிப்போட்டார். அந்தச் செய்தி தொலையச்சில் வந்துவிட்டது. ஆனால் மணியின் நாக்குக்கும் மணிக்கும் நடுவே ஒரு காகிதத் துணுக்கு சிக்கிக்கொண்டதால் சத்தம் வரவில்லை. எவரும் போய்ப் பார்க்கவில்லை. கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டிய ஆய்வகம் ஒரு காகிதத் துணுக்கால் செவிடாகிப்போகிறது. விஷயம் தெரிந்ததும் ஸ்டோன் குழுவினர் கொதிக்கிறார்கள். பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்: இந்தக் கிருமி ஆற்றலை நேரடியாகப் பொருளாக மாற்றி வளர்கிறது. குண்டு போட்டிருந்தால் அது அதற்கு விருந்தாகியிருக்கும். ஓர் அரசியல்வாதியின் தயக்கம் விஞ்ஞானியின் உறுதியைவிட மேலானதாகப் போய்விட்டது, யாருக்கும் தெரியாமலேயே.

இப்போது அதே குண்டு ஆய்வகத்துக்கு அடியிலும் இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்ததுதான் பேரழிவாகப் போகிறது. அதை நிறுத்தும் சாவி ஹாலிடம் இருக்கிறது. ஏன் அவரிடம்? கல்யாணம் ஆகாத ஆண்தான் இப்படிப்பட்ட நேரத்தில் சரியான முடிவெடுப்பான் என்று ஒரு கோட்பாடு சொல்கிறதாம். அணுகுண்டின் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதற்கு இப்படி ஒரு சமூகவியல்! ஹால் சாவியோடு ஆய்வகத்தின் நடுத்தண்டில் ஏறுகிறார். தப்பிக்கிற சோதனை விலங்குகளைச் சுடுவதற்காகப் பொருத்திய லேசர்கள் அவரைச் சுடுகின்றன. இந்த ஒரு காட்சியில் படம் வழக்கமான ஹாலிவுட் விறுவிறுப்புக்கு இறங்கிவிடுகிறது என்று குறை சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. காப்பாற்றப் போகிறவனைக் காவல் எந்திரம் சோதனைக்கூடத்து எலியாகத்தான் அடையாளம் காண்கிறது. அதன் கணக்கில் அங்கே இருக்கும் உயிர் எல்லாம் ஒன்றுதான்.

இது வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1969 ஜூலையில் சந்திரனிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூவரையும் நிலவுக் கிருமிக்குப் பயந்து 21 நாள் தனிமையில் வைத்தார்கள். கண்ணாடிச் சன்னல் வழியே ஜனாதிபதி நிக்ஸன் அவர்களோடு பேசிய படம் உலகம் முழுக்கப் போயிற்று. ஆனால் கலம் பசிபிக் கடலில் இறங்கியதும் தனிமை உடைகளை உள்ளே கொடுப்பதற்காகக் கதவைத் திறந்தார்களே, அப்போதே உள்ளிருந்த காற்று கடலோடு கலந்துவிட்டது. கிருமி இருந்திருந்தால் தனிமைக்கு முன்பே அது வெளியேறியிருக்கும். அப்பல்லோ 14 திரும்பிவந்த 1971 பிப்ரவரியோடு இந்தத் தனிமை முறை முடிந்தது. அடுத்த மாதம் இந்தப் படம் வெளியானது.

5

படத்தின் நடுவில் கணிப்பொறித் திரையில் ஒரு வரைபடம் வருகிறது. கிருமி எப்படிப் பரவும் என்று கேட்டதற்கு எந்திரம் பதிலைத் தயாராக வைத்திருக்கிறது. உயிரியல் போருக்காக முன்பே போட்டுவைத்த கணக்கு அது. அப்போதுதான் விஷயம் உடைகிறது. ‘ஸ்கூப்’ விண்வெளியில் தற்செயலாகக் கிருமியை வாரிக்கொண்டு வரவில்லை. ஆயுதமாக்குவதற்கு ஏற்ற கிருமி மேலே கிடைக்குமா என்று தேடத்தான் அதை அனுப்பினார்கள். வைல்ட்ஃபயர் கட்டப்பட்டதன் பின்னணியும் அதுதான். குழுவுக்குள் சண்டை மூள்கிறது. ஆனால் படம் அந்தச் சண்டையில் நிற்பதில்லை. ஆபத்து அடுத்த கதவைத் தட்டுகிறது, எல்லோரும் மறுபடி வேலைக்குப் போகிறார்கள். ஆளும் எந்திரத்தின் மிகப் பழைய உத்தி இது. ‘இப்ப இதைப் பேசற நேரமா?’

அந்தப் பேச்சுக்கு நேரம் எப்போதும் வருவதில்லை என்பதற்கு வரலாறு சாட்சி. 1950 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ கரைக்கு அருகில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலிலிருந்து பாக்டீரியாவை நகரத்தின்மேல் தூவிப் பார்த்தார்கள். தீங்கில்லாத கிருமி என்று அவர்கள் நினைத்தார்கள். நகரத்து மக்களுக்கு அது தெரியவந்தது 1970களின் நடுவில். 1968 மார்ச்சில் யூட்டா மாநிலத்தின் ஸ்கல் பள்ளத்தாக்கில் சுமார் 6,000 ஆடுகள் செத்து விழுந்தன. பக்கத்து ராணுவத் தளத்தில் நரம்பு நச்சை விமானத்திலிருந்து தெளித்துச் சோதித்த மறுநாளிலிருந்து. 1969 நவம்பரில் நிக்ஸன் உயிரியல் ஆயுதங்களைக் கைவிடுவதாக அறிவித்தார். 1972இல் சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தாகி 1975இல் அமலுக்கு வந்தது.

நம் அரசியல் நண்பர்கள் இந்த இடத்தில் எழுந்து கைதட்ட வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சோவியத் ஒன்றியம், போட்ட பிறகுதான் தன் உயிரியல் ஆயுதத் திட்டத்தைப் பெரிதாக்கியது. 1979 ஏப்ரலில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்து ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி வெளியேறியது. காற்று போன திசையில் குறைந்தது 66 பேர் செத்தார்கள். கெட்டுப்போன இறைச்சியைத் தின்றதால் வந்த வினை என்றது அரசு. பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பொய் நின்றது. 1992இல்தான் யெல்ட்சின் ராணுவத்தின் காரியம் என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் படம் என்பதற்காக இதை அமெரிக்காவின் வியாதி என்று மட்டும் படித்தால் ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் செத்த தொழிலாளர்களுக்குத் துரோகம் செய்கிறோம். செத்தவர்கள் தின்ற இறைச்சிமேலேயே பழியைப் போட்ட அரசு தொழிலாளர்களின் பெயரால் நடந்த அரசு.

2020க்குப் பிறகு பலரும் இந்தப் படத்தைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடத் தொடங்கினார்கள். முகக்கவசம், தனிமை, கிருமிநாசினி எல்லாம் அன்றே வந்துவிட்டதாம். அந்தப் பாராட்டு படத்தைச் சின்னதாக்குகிறது. கொள்ளைநோய் பற்றிய படம் இல்லை இது. இதில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் கூட்டம் இல்லை, மூச்சுத் திணறும் நோயாளி இல்லை. தன் கையால் கொண்டுவந்த ஆபத்திலிருந்து நம்மைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் அரசைப் பற்றிய படம்.

6

படம் எதை மறைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பீட்மாண்டை நாவல் அரிசோனாவில் வைத்திருந்தது. படம் அதை நியூ மெக்ஸிகோவுக்கு மாற்றியது. ஆய்வகம் நெவாடாவில். ஏன் என்று படம் எடுத்தவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொரு கதை வெளியே வருகிறது. 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டு வெடிக்கப்பட்டது நியூ மெக்ஸிகோவில், டிரினிட்டி என்று அவர்கள் பெயரிட்ட இடத்தில். 1951 முதல் 1992 வரை அமெரிக்காவின் அணுகுண்டுச் சோதனைகளில் பெரும்பாலானவை நடந்தது நெவாடாவில். மேற்கு ஷோஷோனி பழங்குடிகள் தங்களுடையது என்று இன்றும் உரிமை கோரும் மண்ணில். ஆளில்லாத பாலை என்பதுதான் இரண்டு இடத்துக்கும் சொல்லப்பட்ட நியாயம். ஆட்கள் இருந்தார்கள். ஆடு மேய்த்தார்கள், மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தார்கள், சாம்பல் விழுந்த தோட்டத்துக் காயைத் தின்றார்கள். கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈடு தரும் சட்டம் 1990இல் வந்தபோது டிரினிட்டியைச் சுற்றியிருந்த மக்கள் அதில் சேர்க்கப்படவே இல்லை. 2025இல்தான் சேர்த்தார்கள். எண்பது வருஷம்.

பீட்மாண்டின் பிணங்களுக்குப் படத்தில் பெயரில்லை. அந்தப் பிளந்த திரையின் பெட்டிகளில் ஒவ்வொன்றாக வந்துபோகிறார்கள். அவர்களுக்காக யாரும் அழவில்லை, அவர்களைப் புதைத்தார்களா என்றும் தெரியவில்லை. அந்த ஊரைக் குண்டு போட்டு அழிப்பதா வேண்டாமா என்கிற விவாதத்தில் ‘ஊர்’ என்பது ஏற்கெனவே ஒரு வெற்றிடம். ஆய்வகத்தின் கட்டுக்காவலையும் சட்டதிட்டத்தையும் இவ்வளவு விவரமாகக் காட்டத் தெரிந்த படத்துக்கு ஊரைக் காட்டத் தெரியவில்லை. என் அரசியல் நண்பர் சொன்ன ஜால்ரா ஓசை இங்கேதான் கேட்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் செனட் விசாரணை. மேகத்தில் மழையை வரவழைத்துக் கிருமியைக் கடலில் சேர்த்துவிட்டார்கள்; கடல்நீரின் காரத்தன்மையில் அது செத்துவிடுமாம். மறுபடி இப்படி நடந்தால் என்ன செய்வது என்று செனட்டர் கேட்கிறார். ஸ்டோன் அந்தக் கேள்வியையே அவரிடம் திருப்பித் தருகிறார். உடனே திரையில் 601 என்கிற எண். தகவல் வேகமாகக் குவிந்து எந்திரம் திணறும்போது வரும் எண் அது. படம் முடிகிறது. பலருக்கு இந்த முடிவு பிடிக்கும். எனக்கும் முதல் தடவை பிடித்தது. இப்போது சந்தேகமாக இருக்கிறது. எந்திரம் திணறுகிறது, மனித அறிவுக்கு எல்லை உண்டு என்கிற தத்துவத்தில் கொண்டுபோய் முடித்தால் வரைபடம் மறந்துபோகிறது. அந்தக் கணக்கைப் போடச்சொன்னது யார் என்று கேட்க 601 விடுவதில்லை. தெரியாமையைக் காட்டித் தெரிந்ததை மூடுகிறார்கள்.

அந்த விசாரணையில் ஸ்டோன் உட்கார்ந்திருக்கிறார், செனட்டர் உட்கார்ந்திருக்கிறார். ஜாக்ஸன் இல்லை. அன்றிரவு ஊரில் நடந்ததை உயிரோடு இருந்து பார்த்த ஒரே ஆள், வாய் பேசக்கூடிய ஒரே சாட்சி, அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள், அளவைக் குறித்துக்கொண்டார்கள், அத்தோடு சரி. நம் பக்கத்திலும் ஆலைக்கும் அணு உலைக்கும் பொது விசாரணைகள் நடக்கின்றன. இதைப் படிக்கிற பலர் அவற்றில் போய் உட்கார்ந்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது மேசையில் என்ன அறிக்கை இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், ஜாக்ஸனுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.